கரிப் படுகையும் கறந்த பாலும்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் புறத்தில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி அமைந்த ஊர் கொழிஞ்சாம்பாறை. சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரும், இதனை அடுத்துள்ள எருத்தேம்பதி, வடகரப்பதி ஊராட்சிகளும் கேரளத்தின் பிற பகுதிகளைக் காட்டிலும் குறைந்த மழை பெறுபவை. தென்னை, காய்கறி, கறவை மாடு ஆகிய மூன்றும் இங்குள்ள பல குடும்பங்களுக்கு ஆதாரம். இவற்றுள் தேங்காய் பல நாள் காத்திருக்கும். வேலந்தாவளம் சந்தைக்குச் செல்லும் காய்கறி ஓரிரு நாள் காத்திருக்கும். கறந்த பால் காத்திராது. மடியிலிருந்து ஏறத்தாழ 37 டிகிரி வெப்பநிலையில் வெளிவரும் பாலைச் சில மணி நேரத்திற்குள் 4 டிகிரிக்குக் குளிர்வித்தாலன்றி, அதில் நுண்ணுயிர்கள் பெருகி அதன் தரம் குன்றிவிடும். பாலின் தரம் குன்றினால் உற்பத்தியாளனுக்குக் கிடைக்கும் விலையும் குன்றும்.

குளிர்விப்பதற்கு இன்று மின்சாரமே பெரிதும் பயன்படுகிறது. மின்சாரம் தடைப்படும்போது டீசல் ஜெனரேட்டர் அதன் இடத்தை ஏற்கிறது. இவ்விரண்டையும் சாராமல், வெப்பத்தைக் கொண்டே குளிரை உண்டாக்கும் பொறிகள் உள்ளன என்பதை ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் படித்திருப்பர். அவற்றுள் ஒன்று, பரப்புக் கவர்ச்சியால் இயங்கும் வெப்பப் பம்பு. தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யப்படும் கிளர்வூட்டிய கரி இதன் முக்கியப் பொருளாக அமையக்கூடும். சிரட்டையும் வெயிலும் சாணமும் நிறைந்த ஒரு வட்டாரத்தில் இச்செய்தி ஆர்வத்தை எழுப்புவது இயல்பே. அந்த ஆர்வம் எந்த இடத்தில் நியாயமானது, எந்த இடத்தில் ஏமாற்றத்தில் முடியும் என்பதைப் பகுத்துணர்வது அவசியம். இப்பொறியின் வெற்றி தோல்வியை முடிவு செய்வது கரியின் தரமோ எரிபொருளின் மிகுதியோ அன்று. கரிப் படுகையினுள் வெப்பமும் ஆவியும் செல்லும் வேகமே. இதனை உணராது செய்யப்படும் எந்த முயற்சியும் பணவிரயமாகும்.

பொறியின் இயக்கம்

கிணற்று நீரை மேலேற்ற ஏற்றமோ மோட்டாரோ வேண்டும். அதுபோலவே தாழ்ந்த வெப்பநிலையிலுள்ள வெப்பத்தை உயர்ந்த வெப்பநிலைக்கு ஏற்றுவதற்கும் ஒரு சக்தி வேண்டும். வீட்டுக் குளிர்ப் பெட்டியில் அச்சக்தியை மின்சாரத்தால் ஓடும் கம்ப்ரஸர் தருகிறது. பரப்புக் கவர்ச்சிப் பொறியில் கம்ப்ரஸரின் வேலையை ஒரு திடப்பொருளின் படுகை செய்கிறது.

நுண்துளைகள் நிறைந்த சில திடப்பொருள்கள் தம் பரப்பில் ஆவியைப் பற்றி வைத்துக்கொள்ளும் இயல்புடையவை. நல்ல கிளர்வூட்டிய கரி ஒரு கிராமில் உள்ள துளைச் சுவர்களின் மொத்தப் பரப்பு 1000 சதுர மீட்டருக்கும் மேற்படுவதுண்டு. குளிர்ந்த கரி மெத்தனால் ஆவியையோ அம்மோனியாவையோ கவர்ந்துகொள்கிறது. அப்போது, குழாயால் அதனோடு இணைந்த கலத்திலுள்ள திரவம் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தை அது சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்வதால் குளிர் உண்டாகிறது. பின்னர்க் கரியைச் சூடேற்றினால், பற்றியிருந்த ஆவி விடுபட்டுக் கண்டன்சருக்குச் சென்று மீண்டும் திரவமாகிறது. படுகையை மறுபடி குளிர்வித்தால் அடுத்த சுற்றுத் தொடங்கும். ஓடும் உறுப்புகள் மிகக் குறைவு, ஓசையும் இல்லை.

இக்கருத்து புதியதன்று. 1823-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே, அம்மோனியாவை ஏற்ற சில்வர் குளோரைடை வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் இட்டுச் சூடாக்கி, மறுமுனையில் அம்மோனியாவைத் திரவமாக்கினார். வேதிச் சேர்க்கையைச் சார்ந்ததாயினும், திடப்பொருளைக் கொண்டு வாயுவை ஏற்றி இறக்கும் இம்முறைக்கு அது முன்னோடி. 1980-களில் பிரான்சின் ஓர்சே நகரில், கரியும் மெத்தனாலும் கொண்டு சூரிய வெப்பத்தால் பனிக்கட்டி செய்யும் பொறி அமைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டது. இந்தியாவில் பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்தினர் கிளர்வூட்டிய கரியின் கவர்ச்சியைக் குளிர்பதன வாயுக்களோடு ஆராய்ந்துள்ளனர். சென்னை ஐ.ஐ.டி.யில் உலோக ஹைட்ரைடுகளைக் கொண்டு இயங்கும் வெப்பப் பம்புகள் ஆராயப்பட்டன. ஆகவே அடிப்படை அறிவுக்குக் குறைவில்லை. இருந்தும் இப்பொறி சிற்றூர்களில் பரவவில்லை. ஏன் என்பதே ஆராயத்தக்க வினா.

வெயிலை நம்பிய கணக்கு

முதலில் ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். 100 லிட்டர் பாலை 35 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 12.5 மெகாஜூல் வெப்பத்தை நீக்க வேண்டும். வழியில் ஏற்படும் இழப்புகளையும் சேர்த்து 15 மெகாஜூல் எனக் கொள்ளலாம். நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் சூரிய சக்தி 20 மெகாஜூல் அளவினது. கரியும் மெத்தனாலும் கொண்ட சூரியப் பொறிகள், விழுந்த சக்தியில் பத்தில் ஒரு பங்கை மட்டுமே குளிராக மாற்றுவது வழக்கம். அதாவது சதுர மீட்டருக்கு 2 மெகாஜூல். எனவே 100 லிட்டர் பாலுக்கு ஏழரைச் சதுர மீட்டர் ஏற்பிப் பரப்பு வேண்டும்.

அதே வெயிலை, 18 சதவீதத் திறனுடைய சூரிய மின்தகட்டில் விழச் செய்தால் 3.6 மெகாஜூல் மின்சாரம் கிடைக்கும். அதைக் கொண்டு சாதாரணக் கம்ப்ரஸரை ஓட்டினால் 9 மெகாஜூல் குளிர் பெறலாம். இரண்டு சதுர மீட்டருக்கும் குறைவான பரப்பே போதும். மின்தகட்டின் விலை உயர்ந்திருந்த காலத்தில் சூரியப் பரப்புக் கவர்ச்சிப் பொறிக்கு இருந்த நியாயம், அவ்விலை பெரிதும் வீழ்ந்துவிட்ட இக்காலத்தில் இல்லை. கூரைமேல் கரிப்பெட்டியை வைத்து வெயிலில் குளிர் காண்போம் என்று ஊர்மக்களிடம் உறுதி கூறும் களப் பணியாளர், நான்கு மடங்குக்கும் மேலாகப் பின்தங்கிய ஒரு வழியையே பரிந்துரைப்பவராவார்.

அப்படியாயின் இப்பொறிக்கு உரிய இடம் எது? வெப்பம் வேறு பயனின்றி வீணாகும் இடமே அது. புழுங்கலரிசி ஆலையின் கொதிகலன், கொப்பரை உலர்த்தும் சூளை, டீசல் ஜெனரேட்டரின் புகைப்போக்கி ஆகியவற்றிலிருந்து வெளியேறும் வெப்பத்திற்கு விலை இல்லை. விலையில்லா வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு குளிராக மாறினாலும் அது ஆதாயமே.

சாணத்தின் கணக்கு

பால் தரும் மாடே எரிபொருளும் தருகிறது என்பது கருதத்தக்கது. இத்தகைய பொறி ஒன்றை இவ்வட்டாரத்துப் பால் சேகரிப்பு நிலையம் ஒன்றில் சாண எரிவாயுவால் இயக்குவதாகக் கொண்டு கணக்கிடலாம். ஒரு மாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோ சாணம் தரும், அதிலிருந்து 0.4 கன மீட்டர் எரிவாயு கிடைக்கும். ஒரு கன மீட்டர் வாயு எரியும்போது வெளிப்படும் 20 மெகாஜூலில் 12 மெகாஜூல் படுகையைச் சென்றடையும் எனவும், அதில் 35 சதவீதம் குளிராக மாறும் எனவும் வைத்துக்கொண்டால், 15 மெகாஜூல் குளிருக்கு 3.6 கன மீட்டர் வாயு வேண்டும். அது ஒன்பது மாடுகளின் சாணம். 100 லிட்டர் பால் தருவதற்கும் ஏறத்தாழப் பத்து மாடுகள் தேவை. கணக்கு ஒத்து வருகிறது. ஆனால் கையிருப்பு அதிகமில்லை. அவ்வாயு முழுவதும் இதற்கே செலவானால் அடுக்களைக்கு எஞ்சுவது சொற்பமே. அதே வாயுவைச் சிறு எஞ்சினில் எரித்துக் கம்ப்ரஸரை ஓட்டினால் இன்னும் மிகுதியான குளிர் பெறலாம். ஆயினும் சாண வாயுவிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு எஞ்சினை அரிக்கும். ஓடும் உறுப்புகளுக்கு ஓயாத பராமரிப்பும் வேண்டும். சாதாரண அடுப்பில் எரித்துப் படுகையைச் சூடேற்றும் முறையில் இத்தொல்லைகள் பெரிதும் குறைவு.

வெளியேற்ற வேண்டிய வெப்பமும் கணக்கில் சேரும். பாலிலிருந்து எடுத்த 15 மெகாஜூலும் படுகைக்கு ஊட்டிய 43 மெகாஜூலும் ஆக 58 மெகாஜூலை வெளியே தள்ள வேண்டும். சித்திரை மாத நண்பகலில், காற்றே 40 டிகிரியை நெருங்கும்போது, படுகை போதிய அளவு குளிராது. குளிராத கரி ஆவியைக் கவராது. நீரை ஆவியாக்கி இவ்வெப்பத்தைத் தள்ளினால் 24 லிட்டர் நீர் செலவாகும். தண்ணீர்ப் பஞ்சமுள்ள கிழக்கு ஊராட்சிகளில் நீர்ச் செலவு என்றதும் அச்சம் எழுவது இயல்பு. ஆனால் ஒரே கறவை மாடு நாளொன்றுக்குக் குடிக்கும் நீரைவிட இது குறைவு. கணவாய் வழியே வீசும் வறண்ட கீழைக்காற்று இவ்வாறு நீரை ஆவியாக்கிக் குளிர்விப்பதற்கு உகந்தது. கவரும் கட்டத்தை இரவுக்கு ஒதுக்கினால் பயன் இன்னும் கூடும்.

ஆக, எரிபொருள் உண்டு, கரி உண்டு, காற்றும் உண்டு. எஞ்சியிருக்கும் தடை படுகைக்குள்ளேயே இருக்கிறது.

படுகையின் உள்ளே

ஆவி கரியில் ஒட்டும்போது வெப்பம் வெளிப்படுகிறது. அவ்வெப்பம் உடனுக்குடன் அகற்றப்படாவிட்டால் கரி சூடாகி, மேற்கொண்டு ஆவியைக் கவர மறுக்கிறது. சூடேற்றும் கட்டத்தில் இதற்கு நேர்மாறு: ஆவி விடுபடுவதற்கு வெப்பம் தேவை, வெப்பம் சென்று சேராத கரி ஆவியை விடாது. வெப்பம் வெளியேறினால்தான் ஆவி உள்ளே வரும். வெப்பம் உள்ளே சென்றால்தான் ஆவி வெளியேறும். வெப்பப் பெயர்ச்சி, பொருட் பெயர்ச்சி எனப் பாடநூல்கள் தனித்தனி அதிகாரங்களில் கூறும் இரண்டும் இங்கே ஒரே நுகத்தில் பூட்டிய இரு எருதுகள். ஒன்று தளர்ந்தால் மற்றதும் நிற்கும்.

கரிக்குருணைப் படுகையோ வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துவது. அதன் கடத்துதிறன் மீட்டருக்கு, டிகிரிக்கு 0.15 வாட் அளவினது. இது மரப்பலகைக்கு ஒப்பானது. செம்புக்கோ 400 வாட். குருணைகள் ஒன்றையொன்று ஒரு சில புள்ளிகளில் மட்டுமே தொடுகின்றன. குருணையின் உள்ளும் வெற்றிடத் துளைகளே நிறைந்துள்ளன. எந்தத் துளைகளால் கரி பயனுடையதாகிறதோ, அவையே வெப்பத்திற்குத் தடையாகின்றன.

இத்தடையின் விளைவை ஓர் எளிய விதி உணர்த்தும்: வெப்பம் ஒரு படுகையை ஊடுருவும் காலம், அதன் தடிப்பின் இருமடிக்கு ஏற்பக் கூடும். உலோகச் சுவரிலிருந்து 5 சென்டிமீட்டர் தடிப்புள்ள கரிப் படுகையை வெப்பம் ஊடுருவ இரண்டு மணி நேரத்திற்கு மேலாகும். தடிப்பை 1 சென்டிமீட்டராகக் குறைத்தால் ஐந்தாறு நிமிடம் போதும். ஆவி ஒட்டுவதாலும் விடுபடுவதாலும் பெயரும் வெப்பத்தையும் சேர்த்தால் இரு காலங்களும் நீளும். அவற்றுக்கிடையேயான விகிதம் பெரிதும் மாறாது.

இந்தக் கால வேறுபாடே விலை வேறுபாடாக உருவெடுக்கிறது. ஒரு கிலோ கரி ஒரு சுற்றில் ஏறத்தாழ 0.1 கிலோ மெத்தனாலை ஏற்றி இறக்குவதாகக் கொண்டால், அதனால் கிட்டும் குளிர் 100 கிலோஜூல். நாளொன்றுக்கு ஒரே சுற்று என்றால் 15 மெகாஜூலுக்கு 150 கிலோ கரியும், அதைத் தாங்கும் பெருங்கலமும் வேண்டும். பத்துச் சுற்றுகள் ஓடினால் 15 கிலோ கரி போதும். பனிக்கட்டியாகவோ குளிர்நீராகவோ சேமித்து வைத்தால் மெதுவான பொறியும் பால் கறக்கும் வேளைக்கு உதவும் என்று சிலர் வாதிக்கலாம். உதவும் என்பது உண்மையே. ஆனால் சேமிப்புத் தொட்டி வேளைக் குறையை நீக்குமேயன்றிக் கரியின் அளவைக் குறைக்காது. அந்த 150 கிலோ கரிக்கும், காற்றுப் புகாத கனத்த கலத்துக்கும் சங்கம் பணம் செலுத்தியே ஆக வேண்டும்.

ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று

வேகத்தைக் கூட்டும் வழிகள் சில அறியப்பட்டுள்ளன. படுகையினுள் உலோகத் தகடுகளை நெருக்கமாகச் செருகுதல் ஒன்று. கரியை விரிவூட்டிய கிராஃபைட்டோடு கலந்து அழுத்திக் கட்டியாக்குதல் மற்றொன்று. இதனால் கடத்துதிறன் பல மடங்கு உயர்கிறது. கவரும் பொருளைப் பசையுடன் சேர்த்து உலோகத் தகட்டின்மேல் மெல்லிய பூச்சாகப் பூசுதல் மூன்றாவது.

ஒவ்வொன்றும் ஒரு விலை கேட்கிறது. தகடுகள் மிகுந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அவ்வுலோகத்தையும் சூடாக்கிக் குளிர்விக்க வேண்டும். எரிபொருள் அதில் வீணாகும். கரியை இறுக்கினால் வெப்பத்திற்குப் பாதை திறக்கும். ஆவிக்குப் பாதை அடைபடும். இத்தீமை எல்லா ஆவிக்கும் ஒரே அளவினதன்று. மெத்தனால் 0 டிகிரியில் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 25-இல் ஒரு பங்கு அழுத்தத்தில் ஆவியாகிறது. அந்தச் சொற்ப அழுத்தத்தில், பாதையில் ஏற்படும் சிறு இடரும் ஆவியோட்டத்தைத் தடுத்துவிடும். அம்மோனியா அதே வெப்பநிலையில் வளிமண்டலத்தைப் போல் நான்கு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தமுடையது. இறுக்கிய கரியிலும் அது புகுந்து செல்லும். ஆனால் கோடையில் கண்டன்சரில் 15 வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கும் எஃகுக் கலம் வேண்டும்; செம்புக் குழாய் அதற்கு ஆகாது. மேலும் இரண்டுமே நச்சுப் பொருள்கள். பாலுக்கும் இவற்றுக்கும் இடையே நீர்ச் சுற்று ஒன்று இருந்தே தீர வேண்டும் என்பதில் விட்டுக்கொடுத்தலுக்கு இடமில்லை.

காய்கறிக்கு இவ்வளவு குளிர் வேண்டுவதில்லை. தக்காளி போன்றவற்றுக்கு 10 டிகிரிக்கு மேற்பட்ட குளிர்ச்சியே ஏற்றது. அதற்கு நஞ்சற்ற நீரையும் சிலிக்கா ஜெல்லையும் பயன்படுத்தலாம். 70 அல்லது 80 டிகிரி வெந்நீரே அதனை இயக்கப் போதும். ஆகையால் இவ்வட்டாரத்தில் முதற் சோதனையைப் பாலில் தொடங்குவதைவிடக் காய்கறிக் கிடங்கில் தொடங்குவது அறிவுடைமை. எளிதானதில் கைதேர்ந்த பின்னர் அரிதானதை மேற்கொள்ளலாம்.

செய்யத்தக்கவை

புதிய கவர்ச்சிப் பொருள்களைத் தேடும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. ஒரு கிராம் எவ்வளவு ஆவியைக் கவரும் என்பதே அவற்றுள் பலவற்றின் பெருமை. ஒரு கிராம் மாதிரி சோதனைத் தராசில் கவர்வது வேறு. பதினைந்து கிலோ படுகை பத்து நிமிடத்தில் கவர்வது வேறு. சிரட்டைக் கரி போதுமான அளவு நல்ல பொருளே. இனி உழைப்பும் பணமும் செல்ல வேண்டிய இடம் படுகையின் அமைப்பு: தடிப்பு, தகட்டின் இடைவெளி, இறுக்கம், ஆவிப் பாதை. இவை பொறியியல் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் தம் பட்டறையிலேயே செய்து பார்க்கக்கூடியவை. சிரட்டைக் கரியைப் பிற நாடுகளுக்கு விற்றுவிட்டு, அதனால் இயங்கும் பொறியை விலைக்கு வாங்கும் நிலை வராதிருக்க இதுவே வழி.

இத்தகைய பொறியை விற்கவோ சோதிக்கவோ வருவோரிடம் களப் பணியாளர் மூன்று வினாக்களைத் தவறாது கேட்டல் வேண்டும். முதலாவது, ஒரு கிலோ கரிக்கு ஒரு மணி நேரத்தில் எவ்வளவு குளிர் கிடைக்கும்? இரண்டாவது, அவ்வளவு குளிர் சித்திரை மாத வெயிலில் அளக்கப்பட்டதா, குளிரூட்டிய ஆய்வுக்கூடத்தில் அளக்கப்பட்டதா? மூன்றாவது, கலத்தில் கசிவு ஏற்பட்டால் அதைச் சீர்செய்வோர் எத்தனை மைலுக்கு அப்பால் இருக்கின்றனர்? மெத்தனால் பொறியில் காற்று உட்புகுந்தால் குளிர் படிப்படியாகக் குன்றும்; ஓசையோ மணமோ எச்சரிக்காது. ஆதலின் மூன்றாம் வினா முதலிரண்டைவிட எளியதாகத் தோன்றினும் அவற்றுக்கு இளைத்ததன்று.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. ஒரே உயரமுள்ள, ஒன்றின் குறுக்களவு மற்றதில் பாதியாக உள்ள இரு நீண்ட தகர டப்பாக்களில் உலர்ந்த கரிக்குருணையை நிரப்பி, நடுவில் வெப்பமானியைச் செருகி, விளிம்பைத் தாண்டி நீர் உள்ளே புகாதவாறு இரண்டையும் வெந்நீரில் நிறுத்தி, நடுவிடம் 50 டிகிரி அடையும் நிமிடங்களை மாணவர் குறிக்கட்டும். சிறிய டப்பா ஏறத்தாழக் கால் பங்கு நேரத்தில் சூடாவதைக் காண்பர். சிறிது இரும்புத் தகட்டைக் குறுக்கே செருகி மீண்டும் அளந்தால், வேறுபாடு தானே புலப்படும். உலர்ந்த சிலிக்கா ஜெல்லில் சில துளி நீரைச் சேர்த்து வெப்பநிலை உயர்வதை அளந்தால், கவர்ச்சியில் வெப்பம் வெளிப்படுவதும் விளங்கும். இச்சோதனைகளுக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை; ஒரு வெப்பமானியும் ஒரு கடிகாரமும் போதும்.

குளிர்விக்கும் பொறியை அது தரும் குளிரின் அளவால் மட்டும் மதிப்பிடும் பழக்கம் மாற வேண்டும். அக்குளிர் எத்தனை கிலோ கரியால், எத்தனை நிமிடத்தில் கிடைத்தது என்ற கணக்கும் உடன் கேட்கப்பட வேண்டும். அந்தக் கணக்கு நேராகும் நாளில், சிரட்டைக் கரியும் சாண வாயுவும் கொழிஞ்சாம்பாறை உழவனுக்கு உதவும் பொருள்களாகும். அதுவரை, மின்சாரத்தால் இயங்கும் குளிர்கலனை அகற்றிவிட்டு இதனை வைக்குமாறு எந்தப் பால் சங்கத்திற்கும் அறிவுரை கூறுதல் தகாது. அதன் பக்கத்தில் வைத்து, நாள்தோறும் அளந்து, குறிப்பேட்டில் பதிந்து பார்க்குமாறு கூறுதலே தகும்.